கியூபாக்காரி பாட்டுல என் தங்கச்சி

முதல்ல அந்த அட்டைப் படத்தைப் பத்திச் சொல்லிடணும். இல்லாட்டி என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியாது.

பிடோக்குல ஏதோ ஒரு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ, வாய்ட் டெக்குங்கிற திறந்த தளத்துல, சதுரங்கக் கட்டம் போட்ட கல்லு மேசை. அது மேல கிட்டாரை மடியில வச்சுக்கிட்டு வெறுங்காலோட உக்காந்திருக்கா ஒரு பொம்பள. சுருட்டை முடி, வாய் நிறையச் சிரிப்பு. கியூபாக்காரி. அவளோட முதல் ஆல்பம். படத்தோட வலது ஓரத்துல, பச்சைக் குர்த்தி போட்ட ஒரு கை, முழங்கை வரைக்கும் மட்டும் தெரியும். அந்த முழங்கை என் தங்கச்சியோடது.

அவதான் லிங்க் அனுப்பியிருந்தா. ‘அக்கா வந்துருச்சு!!! கேளு லா.’ கூடவே ஒரு வரிசை இதயம். நான் அப்ப புக்கிட் பாஞ்சாங் பஸ் இன்டர்சேஞ்சுல ஒரு டிரிப் முடிச்சுட்டு கோப்பி குடிச்சுக்கிட்டு இருந்தேன். நான் பஸ் ஓட்டுறவ. இங்க எங்களுக்கு பஸ் கேப்டன்னு பேரு. பேர் என்னவோ பெருசுதான், கப்பல் ஓட்டுற மாதிரி. படத்தை விரலால பெருசு பண்ணிப் பண்ணி அந்த முழங்கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். கோப்பி ஆறிப் போச்சு.

ஏன்னா, ஆல்பம் போட வேண்டியது நாங்க. நானும் என் தங்கச்சியும்.

எங்க வீட்டுல பாடுறவங்கன்னு யாரும் கிடையாது. நான் பள்ளிக்கூடத்துல பாட ஆரம்பிச்சேன், அவ என் பின்னாடி வந்து நின்னுக்கிட்டு பாட ஆரம்பிச்சா. அப்புறம் கல்யாண வீடு, சமூக மன்றத்துத் தீபாவளி, கோயில் விசேஷம்னு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ரெண்டு பேரும் போவோம். மெட்டை நான் எடுத்துட்டுப் போவேன். அவ ஒரு படி கீழ, தாழ்ந்த சுரத்துல, என் கூடவே வருவா. யாரும் சொல்லிக் கொடுக்கல. அது அவளுக்கு அப்படியே வந்துச்சு, நானும் அதைப் பெருசா நினைச்சுப் பார்த்ததில்ல. கூடப் பிறந்தவ கூட வர்றா, இதுல என்ன இருக்கு?

எங்களுக்குச் சொந்தமா பாட்டும் இருக்கு. எழுதுறது, மெட்டுப் போடுறது எல்லாம் நான்தான். வண்டி ஓட்டும்போது மனசுல வரும், இன்டர்சேஞ்சுல நிறுத்துனதும் போன்ல பாடி வச்சுக்குவேன். பாதி பாட்டுல பஸ் கதவு திறக்குற சத்தம் இருக்கும். இதையெல்லாம் ஒழுங்கா ஸ்டூடியோவுல பாடி வெளிய விடணும்னு வருஷக் கணக்கா பேசிக்கிட்டு இருந்தோம். ‘நம்ம ஆல்பம்’னுதான் அதுக்குப் பேரு. வேற பேரு இன்னும் வைக்கல.

நான் புக்கிட் பாஞ்சாங், அவ பிடோக். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே எம்ஆர்டி ரயில், நடுவுல தேக்கா. அதனால ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் தேக்காவுல இறங்கிடுவோம். ஒரு பூமாலைக் கடைக்கு மேல மிருதங்க வகுப்பு நடத்துறவர் ஒருத்தர் எங்களுக்கு அந்த அறையைக் கொடுப்பாரு. பாடிட்டு மார்க்கெட்டுல சாப்பாடு. அவளுக்கும் சேர்த்து நானே ஆர்டர் பண்ணிடுவேன். அவளுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? என் வாரத்துல எனக்குன்னு இருந்தது அந்த அரை நாள்தான். என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். ஞாயித்துக்கிழமை காலையில அவர் என்கிட்ட ஒரு வேலையும் சொல்ல மாட்டாரு.

அதுலதான் வந்து விழுந்தா இந்தக் கியூபாக்காரி.

அவ கதை இதுதான். ஒரு ஹோட்டல் பேண்டோட பாட வந்தவ. ஒப்பந்தம் முடிஞ்சு மத்தவங்க ஊருக்குப் போயிட்டாங்க, இவ மட்டும் கிட்டார் வகுப்பு எடுத்துக்கிட்டு இங்கயே தங்கிட்டா. வருஷக் கணக்கா ஹோட்டல் லாபியில அடுத்தவங்க பாட்டையே பாடுனவ. முப்பத்தெட்டு வயசுல, போதும்டா சாமி, இனி என் பாட்டை நான் பாடுறேன்னு உக்காந்துட்டா. அந்த நேரம் பார்த்து தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. என் தங்கச்சி பிசியோதெரபிஸ்ட். பிடோக்குல அவ வேலை பார்க்குற கிளினிக்குக்கு இவ வந்து சேர்ந்தா.

தங்கச்சி தோளை அமுக்கி விட, அவ வலி தெரியாம இருக்க அவளோட பாட்டையே முனகிக்கிட்டுப் படுத்திருந்தாளாம். எங்க மேடம் சும்மா இருப்பாளா? வேலையைப் பார்த்துக்கிட்டே ஒரு படி கீழ கூட முனகியிருக்கா. படுத்திருந்தவ எந்திரிச்சு உக்காந்துட்டாளாம். இதைத் தங்கச்சி எனக்குச் சொன்னப்ப அவ மூஞ்சியப் பார்க்கணுமே! புதுப் பொண்ணுக்குக் கூட அவ்வளவு பூரிப்பு இருக்காது.

அப்புறம் ஆரம்பிச்சுது. ‘அக்கா, இந்த ஞாயிறு முடியாதுக்கா.’ ‘அக்கா, அவங்களுக்கு ஸ்டூடியோ ஞாயித்துக்கிழமைதான் கிடைச்சுருக்கு.’ ‘அக்கா, அவங்க கொங்கிரி செய்யறாங்க, என்னை வரச் சொன்னாங்க.’ கருப்பு மொச்சையும் சோறும் ஒண்ணாப் போட்டு வேக வைக்கிறதுக்கு ஒரு பேரு! நான் அவளுக்குப் பிடிக்கும்னு சுறாப்புட்டு பண்ணி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன், இவ அங்க மொச்சைச் சோறு சாப்பிடப் போறா. டப்பாவை வீட்டுக்காரர் முன்னாடி டொங்குன்னு வச்சேன். அவருதான் அதைச் சாப்பிட்டாரு.

ஒரு ஞாயிறு அவளையே தேக்காவுக்குக் கூட்டிட்டு வந்துட்டா. ‘உன்னைப் பார்க்கணும்னு சொன்னாங்கக்கா.’ யாரு கேட்டா? ஆனா வந்தவளைச் சும்மா சொல்லக் கூடாது. படியேறி வரும்போதே பூக்கடைக்காரங்ககிட்ட மல்லிகை வாங்கித் தலையில வச்சுக்கிட்டு வந்தா, அந்தச் சுருட்டை முடியில அது நிக்கவும் செஞ்சுது. எனக்கு நிக்காது. அதுவே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, உன் பாட்டைக் கேக்கணும்னு இங்கிலீஷ்ல சொன்னா. அவ இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே தரம், அதனால பேச்சு நல்லாவே ஓடுச்சு.

பாடுனேன். விட்டேனா பாருன்னு பாடுனேன். மிருதங்க வாத்தியார் கீழ டீ குடிக்கப் போனவரு மேல எட்டிப் பார்த்துட்டுப் போனாரு, அவ்வளவு சத்தம். தங்கச்சி வழக்கம்போல கூட வந்தா. முடிச்சுட்டு நான் அந்தக் கியூபாக்காரி மூஞ்சியைப் பார்க்குறேன், அவ என் தங்கச்சியைப் பார்க்குறா.

“எங்க ஊர்ல ரெண்டு பேர் சேர்ந்து பாடுவாங்க,” அப்படின்னா. “மெட்டை எடுத்துட்டுப் போறவங்க சுலபமா கிடைப்பாங்க. கூடவே கீழ வர்றவங்களைத்தான் தேடிப் பிடிக்கணும். அதுக்கு செகுந்தோன்னு பேரு. உங்க தங்கச்சி பிறவியிலேயே செகுந்தோ.”

“என் குரல்?” வெக்கத்தை விட்டு நானே கேட்டேன்.

“உங்களோடது ரொம்ப ஸ்ட்ராங்.”

ஸ்ட்ராங்! நான் என்ன கோப்பியா? தங்கச்சி சிரிப்பை அடக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அன்னைக்கு மார்க்கெட்டுல மூணு பேருக்கும் நான்தான் ஆர்டர் பண்ணேன். கியூபாக்காரி மட்டும் எந்திரிச்சுப் போய்த் தனக்கு வேணுங்கிறதைத் தானே பார்த்து வாங்கிட்டு வந்தா. தங்கச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தா. எனக்கு அப்ப ஒண்ணும் தோணல.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். லிங்க் வந்த அன்னைக்கு நான் கேக்கல. மறுநாளும் கேக்கல. ‘கேட்டியாக்கா?’, ‘கேட்டியாக்கா?’ன்னு மெசேஜ் வந்துக்கிட்டே இருந்துச்சு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வண்டி ஓட்டுனேன். கடைசியில லீவு நாள்ல, வீட்டுல துணி மடிச்சுக்கிட்டே போட்டேன்.

முதல் பாட்டு கிட்டாரும் அவ குரலும் மட்டும். மோசமா இருக்கும், நிம்மதியா மூடி வச்சுடலாம்னு நினைச்சேன். மோசமா இல்ல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. அலட்டல் இல்லாத குரல், பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கிட்டே பாடுற மாதிரி. ரெண்டாவது பாட்டுல தங்கச்சி வந்தா. மடிச்சுக்கிட்டு இருந்த கைலியைக் கீழ வச்சுட்டேன். புரியாத பாஷையில என் தங்கச்சி. என் பாட்டுக்குப் பின்னாடி வர்ற அதே குரல், இப்ப இன்னொருத்தி பாட்டுக்குப் பின்னாடி. அவ காயப்போடுற துணியைத் தாங்குற கொடிக்கம்பி மாதிரி இவ இருக்கா. வயிறு எரிஞ்சுது. எரியலன்னு பொய் சொல்ல எனக்கு வராது.

மூணாவது பாட்டு. ஆடுற தாளம். அந்தப் பொம்பள ஏதோ கேட்டுக் கேட்டு இழுத்துப் பாடுறா, ஒவ்வொரு வரி முடிவுலயும் என் தங்கச்சி தனியா, தெளிவா பதில் சொல்றா:

வேணாக்கா... வேணாக்கா...

நான் போனை எடுத்து, பாட்டைப் பின்னாடி தள்ளி மறுபடி போட்டேன். வேணாக்கா. அதே இழுவை. கடைசியில அதே சின்ன ஏத்தம்.

இந்த வார்த்தையை நான் தினம் கேக்குறேன். பசியாறுனியாடின்னு போன் பண்ணுவேன். குழம்பு கொண்டு வரவா? ‘வேணாக்கா.’ அந்தக் குர்த்தி உனக்கு நல்லால்ல, வேற எடுத்துத் தரவா? ‘வேணாக்கா.’ வேணாம் அக்கான்னு கூட முழுசா சொல்ல மாட்டா, எல்லாத்தையும் சேர்த்து ஒரே வார்த்தையா வழிச்சுப் போட்டுடுவா. அந்தச் சொல்லை, என் தங்கச்சிக்கும் எனக்கும் நடுவுல இருக்குறதை, அந்தக் கியூபாக்காரிகிட்டப் போய்ச் சொல்லி, ரெண்டு பேருமா சிரிச்சு, ஊர் உலகம் கேக்குற மாதிரி பாட்டா போட்டு வச்சிருக்காளுங்க!

வீட்டுக்காரர்கிட்டப் போட்டுக் காட்டுனேன். ஒண்ணும் சொல்லாம, கேளுங்கன்னு மட்டும் சொன்னேன். அந்த இடம் வந்ததும் அவரு கெக்கெக்கேன்னு சிரிச்சாரு. “ஏய், வேணாக்கான்னு பாடுறா! உன்னையவே போட்டுட்டா லா!” அதோட விட்டாரா? சாயங்காலம் தட்டுக் கழுவிக்கிட்டே, வேணாக்கா, வேணாக்கான்னு அந்த மெட்டை முனகிக்கிட்டு நிக்கிறாரு. என் பாட்டு ஒண்ணைக் கூட இவரு இதுவரைக்கும் தட்டுக் கழுவும்போது பாடுனதில்ல.

அடுத்த லீவு வரைக்கும் தங்கச்சி போன் பண்ணா நான் எடுக்கல. லீவு வந்ததும் எம்ஆர்டி ஏறி நேரா பிடோக். மத்தியான நேரம், கிளினிக்குல கூட்டமில்ல. உள்ள போனா, கட்டில்ல தோள் மேல வெந்நீர்ப் பொதியை வச்சுக்கிட்டு அந்தக் கியூபாக்காரியே உக்காந்திருக்கா. என்னைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. நான் அவ பக்கமே திரும்பல. போனை எடுத்து அந்தப் பாட்டை முழுச் சத்தத்துல வச்சேன்.

“என்னடி இது?”

“மூணாவது பாட்டுக்கா. நல்லாருக்கா?”

“நல்லாருக்காவா? வேணாக்கா, வேணாக்கான்னு என்னைக் கேலி பண்ணி வச்சுட்டு, நல்லாருக்கான்னு வேற கேக்குற? என்னைப் பத்தி இவகிட்ட என்னென்ன சொல்லி வச்சிருக்க?”

தங்கச்சி வாயைப் பொத்திக்கிட்டா. அப்புறம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. “ஐயோ அக்கா! அது ஸ்பானிஷ்க்கா! ‘இங்க வா’ன்னு அர்த்தம்!”

“யாருகிட்ட காது குத்துற? எனக்குத் தமிழ் தெரியாதா?”

அவ கியூபாக்காரிகிட்ட இங்கிலீஷ்ல விளக்குனா. அந்தம்மா தலையை ஆட்டிக்கிட்டு, கையால வா வான்னு சைகை காட்டி, மெதுவா ரெண்டா பிரிச்சுச் சொன்னா. ‘வென்’னா வா. ‘அக்கா’ன்னா இங்க. சத்தியமா. எழுதுறது வ-வாம், தனியாச் சொன்னா ப மாதிரி கேக்கும், பாட்டுல இழுத்தா ரெண்டுக்கும் நடுவுல நிக்குமாம். அவங்க ஊர்ல வ-வும் ப-வும் ஒண்ணுதானாம். அப்படியும் ஒரு பாஷை!

எனக்கு அசிங்கமா போச்சு. சரின்னு கிளம்பியிருக்கலாம். ஆனா கியூபாக்காரி விடல. உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்னு ஆரம்பிச்சா.

“நான் இங்க படுத்திருப்பேன். இவங்க போன் அடிக்கும். எடுத்து, வெனக்கா, வெனக்கான்னு சொல்லிட்டு வச்சுடுவாங்க. ஒவ்வொரு தடவையும் அதேதான். எனக்கு நெஞ்சை என்னமோ பண்ணும். யாரோ ஒருத்தரை இந்தப் பொண்ணு இங்க வா, இங்க வான்னு தினம் கூப்பிடுது, அந்த ஆளு வரவே மாட்டேங்குறாங்களேன்னு நினைச்சுக்குவேன். எனக்கும் ஊர்ல ஒரு அக்கா இருக்கா. நான் கூப்பிடுவேன், அவ வர மாட்டா. அன்னைக்கு வீட்டுக்குப் போய் இந்தப் பாட்டை எழுதுனேன்.”

நான் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டேன். ஆக, அந்தப் பாட்டு வந்ததே என் போன்ல இருந்துதான். சிரிப்பு வந்துச்சு, கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து அவ கேட்டா, “ஆமா, உங்க பாஷையில அதுக்கு என்ன அர்த்தம்?”

தங்கச்சி சிரிப்பை நிறுத்திட்டா. வெந்நீர்ப் பொதியை எடுத்து மடிச்சு, மறுபடி பிரிச்சு, “வேணாம்னு அர்த்தம்,” அப்படின்னா இங்கிலீஷ்ல. “எனக்கு வேணாம், அக்கான்னு அர்த்தம்.”

கியூபாக்காரி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. நல்ல மனுஷி. அதுவும் எனக்குப் பிடிக்கல.

“அவங்க தப்பாக் கேட்டதுல ஒரு பாட்டாவது வந்துச்சுக்கா,” தங்கச்சி தமிழ்ல சொன்னா. குரலை உயர்த்தல. “நான் உன்கிட்ட நிஜமாவே வேணாம்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ அடுத்த வாரமும் டப்பாவோட வந்து நிக்கிற.”

“குழம்பு வேணாம்னா விடு, நான் எதுக்கு...”

“குழம்பு இல்லக்கா. ஞாயித்துக்கிழமை. நம்ம ஆல்பம். அது உன் ஆல்பம்க்கா, நம்ம ஆல்பம் இல்ல. பாட்டு உன்னோடது, மெட்டு உன்னோடது, நான் எங்க வரணும், எங்க நிறுத்தணும்னு நீதான் சொல்ற. சாப்பாடு கூட நீதான் சொல்ற. எனக்கு வேணாம்க்கா.”

“அவளுக்குப் பின்னாடி நின்னு பாடுனா மட்டும் இனிக்குதா?”

“அவங்க என்னைக் கேட்டாங்க. இங்க வந்து நிக்கிறியா, இப்படிப் பாடுறியான்னு கேட்டாங்க.”

பையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன். கதவுக்கிட்ட அந்தக் கியூபாக்காரி நின்னுக்கிட்டு இருந்தா, ஏதோ சொல்ல வந்தா, நான் நிக்கல. எம்ஆர்டியில தேக்கா வந்துச்சு. ஒரு குடும்பமே மல்லிகை வாசத்தோட ஏறுச்சு, எனக்கு எந்திரிச்சு வேற பெட்டிக்குப் போகணும் போல இருந்துச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. ஞாயித்துக்கிழமையில நான் வேணும்னே வேலை கேட்டு வாங்கிக்கிட்டேன். புக்கிட் பாஞ்சாங்கைச் சுத்தி வர்ற ஒவ்வொரு வளைவுலயும் மனசுக்குள்ள அவகூட சண்டை போட்டேன். உனக்கு மெட்டுப் போட வருமா? வார்த்தை எழுத வருமா? யாரு உன்னைக் கையைப் பிடிச்சு மேடையில ஏத்தினது? இன்னைக்கு ஒருத்தி வந்து ‘கேட்டாளாம்’, இவளுக்கு இனிச்சுடுச்சாம். நான் கேக்காம விட்டது என்னன்னு யோசிக்கவே எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ஆனா உள்ளுக்குள்ள பயம் ஒண்ணு உக்காந்திருந்துச்சு. இவ இனிமே என் கூட பாட மாட்டா. எனக்குப் பின்னாடி சத்தம் இல்லாமப் போயிடும். இன்டர்சேஞ்சுல ஒரு நாள் போனைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பாட்டு பாடிப் பார்த்தேன். என் குரல் மட்டும் மொட்டையா நின்னுச்சு. அழிச்சுட்டேன்.

ஆல்பத்தை மட்டும் கேக்குறதை நிறுத்தல. பொறாமைப்படுறவங்க அப்படித்தான், புண்ணைச் சொறிஞ்சுக்கிட்டே இருப்பாங்க. எல்லாப் பாட்டும் மனப்பாடம் ஆயிடுச்சு. அர்த்தம் ஒண்ணும் தெரியாது, ஆனா எந்த இடத்துல தங்கச்சி மூச்சு எடுக்குறான்னு தெரியும்.

போன் தங்கச்சிதான் பண்ணா. எப்படி இருக்கன்னு கூடக் கேக்கல, எடுத்ததும் நேரா விஷயத்துக்கு வந்துட்டா. எங்க வீட்டுப் பழக்கம் அது.

“ஆல்பத்துக்கு ஒரு நிகழ்ச்சி வைக்கிறாங்கக்கா. சின்ன இடம்தான். மூணாவது பாட்டை என்னையே முன்னாடி நின்னு பாடச் சொல்றாங்க. எனக்குக் கீழ பாட ஆள் வேணும். அவங்க கிட்டார் வாசிக்கணும், வேற யாருக்கும் என் குரல் பழக்கமில்ல. நீ வர்றியாக்கா?”

அடி செருப்பாலன்னு தோணுச்சு. இத்தனை வருஷம் எனக்குப் பின்னாடி நின்னவ, இப்ப என்னை அவ பின்னாடி வந்து நிக்கச் சொல்றா. அதுவும் அந்தக் கியூபாக்காரி பாட்டுக்கு. வேணாம்டின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அவ கேட்டுருந்தா. வர்றியான்னு கேட்டுட்டு, பதிலுக்காக அந்தப் பக்கம் மூச்சு விடாம நின்னுக்கிட்டு இருந்தா.

“எப்ப?”ன்னேன்.

ஒத்திகை காக்கி புக்கிட் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்துல. பக்கத்து அறையில மரச் சாமான் அறுக்குற சத்தம், இந்த அறைக்குள்ள வந்து கதவை மூடுனா ஒண்ணும் கேக்காது. டப்பா எதுவும் கொண்டு போகல. கியூபாக்காரி என் கையைப் பிடிச்சு, வந்ததுக்கு நன்றின்னா. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சு வச்சேன். நடுவுல மைக் முன்னாடி தங்கச்சி. நான் அவளுக்கு ஒரு அடி பின்னாடி, இடது பக்கம்.

ஆரம்பிச்சோம். எனக்கு இருந்தது ‘வென் அக்கா’ங்கிற அந்த ரெண்டு வார்த்தைதான். அதையும் நான் வழக்கம்போல நெஞ்சைத் திறந்து விட்டேன். தங்கச்சி கையைத் தூக்கி நிறுத்துனா.

“அக்கா, நீ என் மேல ஏறிக்கிட்டு வர்ற.”

மறுபடி. மறுபடியும் ஏறுனேன். வேணும்னு இல்ல. எனக்குக் கீழ போகத் தெரியல. என் குரல் போன பாதை ஒண்ணே ஒண்ணுதான், அது முன்னாடிதான் போகும். மூணாவது தடவை நிறுத்திட்டு அவ திரும்பி என்னைப் பார்த்தா. கோபமில்ல. கிளினிக்குல நோயாளிங்ககிட்ட அப்படித்தான் நிதானமாப் பேசுவா போல.

“ஒரு தடவை பாடாதக்கா. சும்மா கேளு.”

வாயை மூடிக்கிட்டு நின்னேன். கிட்டார் வந்துச்சு. தங்கச்சி பாடுனா.

யோசிச்சுப் பார்த்தா, அவ பாடும்போது நான் சும்மா இருந்ததே கிடையாது. அவ பாடுன நேரமெல்லாம் நானும் பாடிக்கிட்டு இருந்திருக்கேன், அதுவும் அவளை விடச் சத்தமா. ஆல்பத்துலயும் அந்த ரெண்டு வார்த்தையைத் தவிர மத்த இடமெல்லாம் அவ மேல அந்தக் கியூபாக்காரி குரல் இருந்துச்சு. இப்ப மேல யாரும் இல்ல. அவ எங்கயும் தள்ளல, எதையும் காட்டல. ஒரு சொல்லைத் தொட்டா, அந்தச் சொல் அதோட அளவுக்கு மட்டும் நின்னுச்சு. அடிப்பாவி, இது எங்கடி இருந்துச்சு இவ்வளவு நாளா?

அப்பத்தான் அது நடந்துச்சு. மாசக் கணக்கா அந்தக் கியூபாக்காரி மேல சேர்த்து வச்சிருந்த அத்தனை பொறாமையும் எந்திரிச்சு, ஒரு அடி நகர்ந்து, என் முன்னாடி நின்னுக்கிட்டு இருந்த என் தங்கச்சி மேல போய் உக்காந்துச்சு. முன்ன இருந்ததை விட அதிகமா எரிஞ்சுது. என் தங்கச்சியை எவளோ தூக்கிட்டுப் போறான்னு பொறாமைப்பட்டா அதுல ஒரு நியாயமாவது இருக்கு. இது அப்படி இல்ல. என்னை விட இவ நல்லா பாடுறா. ரொம்ப நல்லா பாடுறா.

பாட்டு முடிஞ்சதும் அவ திரும்பல. முதுகைக் காட்டிக்கிட்டே கேட்டா, “வர்றியாக்கா?”

கியூபாக்காரி கிட்டாரை மறுபடி ஆரம்பிச்சா. என் இடம் வந்துச்சு. மூச்சைப் பாதிதான் எடுத்தேன். பாடுனேன்.

“இன்னும் கொஞ்சம் கீழக்கா,” அப்படின்னா என் தங்கச்சி.

போனேன்.